ஜமீனுக்கு மூட்டு வலி

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கு ஒண்ணு சொல்லலாம். ஆனா உண்மையான காரணம் ஒரு பூனை. அதனால இன்னிக்கு அரசியல், சினிமா, மொக்கை எதுவும் கிடையாது. கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுல வயசான பூனையோ நாயோ வச்சிருக்கறவங்க (வயசான அம்மா அப்பா இருக்கறவங்களும்தான், ஏன்னு கடைசியில சொல்றேன்) பொறுமையாப் படிங்க. மத்தவங்க ஒரு டீ குடிச்சுட்டு வந்து படிங்க :-)

எனக்கு ஊர் ராஜபாளையம். ஊர்ப் பேரைச் சொன்னாலே எதிர்ல இருக்கறவர் கேக்கற அடுத்த கேள்வி, "உங்க வீட்டுல அந்த நாய் இருக்கா?" என்பதுதான். வெள்ளை வெளேர்னு, ரோஸ் மூக்கோட நிக்குமே, அது. 2005 ஜனவரியில தபால்தலை எல்லாம் வெளியிட்டு மரியாதை செஞ்ச நாய். அப்பேர்ப்பட்ட ஊர்ல பூனை வளர்க்கறவனை ஊர் ஒரு மாதிரிதான் பார்க்கும். பார்க்கட்டும்.

எங்க வீட்டுப் பூனை பேரு ஜமீன். 2010 ஐப்பசி அடைமழையில அம்மா கொல்லையில இருந்து தூக்கிட்டு வந்த குட்டி. வந்த ஒரே மாசத்துல பரண் மேல இருந்த பழைய டிரங்குப் பெட்டியைத் தன் அரண்மனையா ஆக்கிக்கிட்டான். அங்க இருந்து கீழ நடமாடற எங்களைப் பாத்தா, குத்தகைப் பாக்கி வச்ச குடியானவனைப் பாக்கற மாதிரியே இருக்கும். அதனால அந்தப் பேரு. தரையில இருந்து ஜன்னல், ஜன்னல்ல இருந்து பீரோ, பீரோல இருந்து பரண்ணு மூணு தாவல். பத்து வருஷத்துக்கு மேல தினமும் பாத்த காட்சி.

அந்த மூணு தாவல் எப்ப நின்னுச்சுன்னு கேட்டா எனக்குப் பதில் தெரியாது. இந்தப் பதிவுல நான் வெட்கப்படற முதல் இடம் இதுதான்.

நினைவுபடுத்திப் பாத்தா, முதல்ல பரண் போச்சு. "குளிருக்குக் கீழ படுக்கறான்"னு நெனச்சோம். அப்புறம் பீரோ போச்சு. "வயசாயிடுச்சு"ன்னோம். அப்புறம் முதுகுப் பக்கம் முடி திரி திரியாச் சேர்ந்து அழுக்கா இருந்துச்சு. "சோம்பேறி"ன்னோம். மண் தட்டுக்குப் பக்கத்துலயே வெளியில ஒண்ணுக்குப் போனான். "திமிரு"ன்னோம். இடுப்புப் பக்கம் தொட்டா உறுமினான். "ஜமீனுக்குக் கோவம்"னு சிரிச்சோம்.

ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் கைவசம் வச்சிருந்தோம். எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே காரணம் இருக்கும்னு தோணவே இல்லை. குனிஞ்சு முதுகை நக்க முடியலை. தட்டோட விளிம்பைத் தாண்டக் காலைத் தூக்க முடியலை. தொட்டா வலிக்குது. அவ்வளவுதான் விஷயம்.

பூனை நொண்டாது, கத்தாது. நாய்க்குக் கால் வலின்னா தெருவுக்கே தெரியும். பூனை தான் செய்யற வேலைகள்ல ஒண்ணொண்ணாக் குறைச்சுக்கும், நாம அதை வயசுக் கணக்குல எழுதிடுவோம். 2002ல அமெரிக்காவுல 12 வயசுக்கு மேற்பட்ட நூறு பூனைகளோட எக்ஸ்ரேயை எடுத்து வச்சுப் பாத்தாங்க. 90 பூனைக்கு ஏதாவது ஒரு மூட்டுலயோ முதுகெலும்புலயோ தேய்மானம் இருந்துச்சு. எக்ஸ்ரேயில தெரியற எல்லாமே வலிக்கும்னு அர்த்தமில்லை, வாஸ்தவம். ஆனா நூத்துக்குத் தொண்ணூறுன்னா, நம்ம வீட்டுக் கிழவனுக்கு மட்டும் இருக்காதுன்னு நாம நெனச்சது எந்த நம்பிக்கையில?

சரி, கதைக்கு வருவோம்.

ஒருநாள் ராத்திரி ஆபீஸ் விட்டு வந்தா, அம்மா கையில தட்டு. தட்டுல தயிர்சாதம். தயிர்சாதத்துல வெள்ளையாப் பொடி.

"என்னம்மா அது?"

"நான் போடற காய்ச்சல் மாத்திரைதான்டா. அறுநூத்தம்பது. அதுல கால் பங்குதான் பொடிச்சேன். பாவம், எந்திரிக்கவே முடியாம முனகுது. எனக்கு வலிச்சா மாத்திரை, அதுக்கு வலிச்சா வேடிக்கையா?"

தட்டைப் பிடுங்கி அப்படியே குப்பையில கொட்டினேன். அம்மாவுக்குக் கோவம். எனக்குக் கை நடுங்குச்சு. காரணம், ரெண்டு வருஷம் முன்னாடி பக்கத்துத் தெருவுல ஒருத்தர் இதே பாசத்துல, இதே மாத்திரையில தன் பூனையைப் பறிகொடுத்திருந்தார். மெடிக்கல்ல கேட்டுத்தான் வாங்கியிருக்கார். "குழந்தைக்கே குடுக்கறதுதான், குடுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. மறுநாள் அதுக்கு முகமும் பாதமும் வீங்கி, ஈறு காப்பித்தூள் கலர்ல மாறி, மூச்சு வாங்க ஆரம்பிச்சுடுச்சு.

பாராசிட்டமாலை நம்ம கல்லீரல் ஒரு சர்க்கரைப் பொருளோட ஒட்டிப் பத்திரமா வெளியே அனுப்பிடும். அந்த ஒட்டற வேலையைச் செய்யற நொதிக்கான மரபணு பூனைக்கு உடைஞ்சு கிடக்கு. தலைமுறை தலைமுறையா மாமிசமே தின்ன பிராணி. செடிகொடிகள்ல இருக்கற நச்சை முறிக்கற தேவை அதுக்கு வரலை. தேவைப்படாத சாமானைப் பரண்ல போட்டா துருப்பிடிக்கற மாதிரி அந்த மரபணு வீணாப் போச்சு. அதனால மருந்து வேற வழியில உடைஞ்சு நஞ்சாகுது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கற சக்தியை இழந்துடுது. ஒரு பூனையைக் கொல்ல ஒரு மாத்திரை போதும், சில சமயம் அதுகூட வேண்டாம். தெரியாம யாராவது குடுத்திருந்தா, "பாப்போம்"னு காத்திருக்காதீங்க. மாத்து மருந்து இருக்கு, ஆனா அது சில மணி நேரத்துக்குள்ள போய்ச் சேரணும்.

(இதே மாதிரி உடைஞ்ச இன்னொரு மரபணு, இனிப்பை உணர்றது. பூனைக்கு இனிப்பே தெரியாதுன்னு 2005ல கண்டுபிடிச்சாங்க. இதை நான் எப்படித் தெரிஞ்சுக்கிட்டேன்னா, மாத்திரையை ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுல உருட்டிக் குடுத்துப் பாத்தேன். நெய்யை மட்டும் நக்கிட்டு, மாத்திரையைத் துப்பிட்டு, "இதுக்கா இவ்வளவு பேரு?"ன்னு ஒரு பார்வை பாத்தான். பால்கோவாவை அவமதிச்ச ஒரே விருதுநகர் மாவட்டத்துக்காரன் அவன்தான்.)

இன்னொண்ணையும் இங்கயே சொல்லிடறேன். வலிக்கற இடத்துல தலைவலித் தைலம் தேய்க்கலாம்னு அத்தை ஒரு யோசனை சொன்னாங்க. அதுவும் கூடாது. பூனை தேய்ச்சதை எல்லாம் நக்கி உள்ளே அனுப்பிடும். தைலத்துல இருக்கற கற்பூரமும், ஆஸ்பிரினுக்குப் பங்காளியான இன்னொரு சரக்கும் அதுக்கு விஷம்.

அடுத்த சனிக்கிழமை ஜமீனை மாம்பழக் கூடையில வச்சு, மேல இன்னொரு கூடையைக் கவுத்துக் கட்டி, ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினேன். அங்க மாலையில பூனை நாய் பார்க்கற ஒரு டாக்டரம்மா இருக்காங்க. பஸ்ல கூடைக்குள்ள இருந்து சத்தம் வந்ததும் கண்டக்டர், "சார், லக்கேஜு பேசுது"ன்னார். ஆடிப்பூரத் தேர் நேரம் வேற. ஊர் எல்லையிலயே இறக்கி விட்டுட்டாங்க. கோபுரத்தைப் பாத்துக்கிட்டே கூடையோட நடந்தேன். எதிர்ல வந்த ஒரு பாட்டி, "மாம்பழம் என்ன விலைப்பா?"ன்னு கேட்டது தனிக்கதை.

டாக்டரம்மா தொட்டுப் பாத்தாங்க, நடக்க விட்டுப் பாத்தாங்க. இடுப்பு ரெண்டு பக்கமும், ஒரு முழங்கையும். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னாங்க. எக்ஸ்ரேக்கு வேற இடத்துக்கு அலைஞ்சதைச் சொன்னா தனிப் பதிவு ஆகும், விட்டுடறேன். மூட்டுத் தேய்மானம் உறுதி. கூடவே கிரியேட்டினின் 2.1.

அதாவது சிறுநீரகமும் சரிவுல இருக்கு. நாலு படிநிலைகள்ல ரெண்டாவது.

"சார், இங்கதான் சிக்கல்"னாங்க டாக்டரம்மா. "மூட்டு வலிக்கு நல்லாக் கேக்கற மருந்து சிறுநீரகத்துக்கு ஆகாது. சிறுநீரகத்தைப் பாத்துக்கிட்டே இருந்தா வலி நிக்காது. நான் ரெண்டு பக்கத்தையும் சொல்றேன். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

நாம யோசிச்சுச் சொல்றதா? டாக்டர்னா சீட்டு எழுதணும், நாம வாங்கணும். இப்படித்தானே பழகியிருக்கோம். ஆனா அவங்க அப்படிச் சொன்னதுக்கு இப்ப நன்றி சொல்றேன். அந்த யோசனைதான் இந்தப் பதிவு.

மருந்து பேரு மெலாக்சிகம். இந்தப் பேரை நீங்க வேற ஒரு கதையில கேட்டிருக்கலாம். பாறுக் கழுகுக் கதை. எங்கப்பா சின்னப் பையனா இருந்தப்ப, செத்த மாட்டை ஊருக்கு வெளியில போட்டா வானத்துல வட்டம் போட்டு இறங்குமாம். நான் என் பிள்ளைக்குக் காட்ட ஒண்ணுகூட இல்லை. மாட்டுக்கு வலி தெரியக்கூடாதுன்னு இரக்கப்பட்டுப் போட்ட டைக்ளோஃபெனாக், அந்த மாடு செத்தப்புறம் அதைத் தின்ன கழுகோட சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்னுச்சு. 2004ல காரணத்தைக் கண்டுபிடிச்சாங்க. அதுக்குள்ள இந்தியாவுல வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கு மேல காலி. 2006ல மாட்டு வைத்தியத்துல டைக்ளோஃபெனாக்குக்குத் தடை வந்துச்சு. 2023ல அசிக்ளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென், 2024 கடைசியில நிமெசுலைடுன்னு தடை தொடர்ந்துச்சு. கழுகுக்கு ஒண்ணும் செய்யாதுன்னு 2006லயே சோதிச்சுச் சொன்ன மாத்து மருந்துதான் மெலாக்சிகம்.

இதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம். "கழுகையே கொல்லாத மருந்து, பூனைக்கு என்ன செய்யும்?"

டாக்டரம்மா சிரிச்சாங்க. "சார், கழுகுக்கு நல்லதுன்னா பூனைக்கு நல்லதுன்னு அர்த்தமில்லை. ஒவ்வொரு உடம்புலயும் வேற வேற சமையக்கட்டு."

பூனையோட சமையக்கட்டு ரொம்பச் சின்னது. மனுஷங்க மெடிக்கல்ல வாங்கற மெலாக்சிகம் மாத்திரை 7.5 மில்லிகிராம். நாலு கிலோ பூனைக்கு ஐரோப்பாவுல லேபிள்ல போட்டிருக்கற தினசரி அளவு 0.2 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்க. நம்ம ஒரு மாத்திரை, பூனைக்கு 37 நாள் மருந்து! நாய்க்குன்னு வர்ற திரவ மருந்துகூட பூனை மருந்தை விட மூணு மடங்கு காட்டம். "நாய்க்கு வாங்கினது மிச்சம் இருக்கு, அதையே ரெண்டு சொட்டு"ங்கற கதை இங்க நடக்காது. அளவு டாக்டர் வாயில இருந்துதான் வரணும். நான் இங்க எண்ணைச் சொன்னது உங்களைப் பயமுறுத்தத்தான், ஊத்தறதுக்கு இல்லை.

இனிமே வர்றதுதான் என்னை ராத்திரி பூரா முழிக்க வச்ச விஷயம். 2007ல ஐரோப்பாவுல, பூனைக்கு மெலாக்சிகத்தைத் தினமும், நீண்ட நாளைக்குக் கொடுக்கலாம்னு அனுமதி கொடுத்தாங்க. 2010ல அமெரிக்காவுல, பூனைக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தா சிறுநீரகம் செயலிழந்து சாவு வரலாம்னு கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டாங்க. அங்க ஆபரேஷன் சமயத்துல ஒரே ஒரு ஊசி, அதோட சரி.

அதே மருந்து, அதே பிராணி. ஒரு பக்கம் தினமும் கொடுக்கலாம், இன்னொரு பக்கம் ரெண்டாவது தடவையே கூடாது. ரெண்டு பேரும் மெத்தப் படிச்சவங்க. இதுல யார் சரி?

ரெண்டு பேருமே அவங்கவங்க பார்த்ததைச் சொல்லியிருக்காங்க. அளவு அதிகமாப் போட்ட, தண்ணி குடிக்காத, சாப்பிடாத பூனைகளுக்கும் சேர்த்துத்தான் அந்த எச்சரிக்கை. உடம்புல தண்ணி குறையறப்ப சிறுநீரகத்துக்கு ரத்தம் போற குழாயைத் திறந்து வைக்க ஒரு சுரப்பு இருக்கு. இந்த ரக மருந்துகள் வீக்கத்தைக் குறைக்கறதே அந்தச் சுரப்பை அடக்கித்தான். வயித்துல புண் வர்றதுக்கும் அதே காரணம். அதனால சாப்பிட்டு, தண்ணி குடிச்சு, ஒழுங்கா இருக்கற பூனைக்கு வர்ற ஆபத்து வேற. வாந்தி எடுத்துச் சுருண்டு கிடக்கற பூனைக்கு வர்ற ஆபத்து வேற.

ஏற்கெனவே சிறுநீரகம் கெட்ட பூனைக்கு? 2011ல ஆஸ்திரேலியாவுல வந்த ஒரு ஆய்வு, பழைய ரெக்கார்டுகளைப் புரட்டிப் பாத்து, நிலைமை சீரா இருக்கற பூனைகளுக்குக் குறைஞ்ச அளவுல கொடுத்ததுல நோய் வேகமாகலைன்னு சொல்லுச்சு. அப்பாடான்னு இருந்தேன். 2021ல அமெரிக்காவுல ஒரு சின்ன ஆய்வு. ஆறு மாசம் குறைஞ்ச அளவுல கொடுத்தாங்க, கிரியேட்டினின் மாறலை. ஆனா வெறும் திரவம் குடிச்ச பூனைகளை விட, மருந்து குடிச்ச பூனைகளோட சிறுநீர்ல புரதம் அதிகமாப் போச்சு. அது நல்ல அறிகுறி இல்லை. மறுபடி 'அப்பாடா' போச்சு. 2024ல சர்வதேசப் பூனை மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டியில, சிறுநீரக நோய் இருந்தாலும் கவனமாக் கண்காணிச்சுக்கிட்டுக் கொடுக்கலாம்னு இருக்கு. கவனமாங்கற வார்த்தையோட எடையை அன்னிக்குத்தான் உணர்ந்தேன்.

வேற வழி இல்லையான்னு கேப்பீங்க. கேட்டேன். மாசம் ஒரு ஊசி இருக்கு, ஃப்ரூனெவெட்மாப்னு பேரு. நரம்புக்கு வலியைச் சொல்லிக் கொடுக்கற ஒரு புரதத்தையே போய்ப் பிடிச்சுக்கற எதிரணு. 2021ல ஐரோப்பாவுலயும் 2022ல அமெரிக்காவுலயும் அனுமதி கிடைச்சது. சிறுநீரகம் வழியா வேலை செய்யறது இல்லைங்கறது பெரிய லாபம். ஆனா தோல் அரிப்பு, புண் வர்றது உண்டு. இதே வழியில வேலை செய்யற மனுஷ மருந்து ஒண்ணு, சிலருக்கு மூட்டை வேகமா அழிச்சதால 2021ல கைவிடப்பட்டுச்சு. நாய்க்கு வந்த தம்பி மருந்தைப் பத்தி 2024 டிசம்பர்ல அமெரிக்க எஃப்.டி.ஏ. டாக்டர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதுச்சு. தள்ளாடறது, வலிப்பு எல்லாம் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு. புதுசுங்கறதுக்காக அதுவும் சும்மா வர்றதில்லை. எப்படியும் நான் கேட்ட இடத்துல அது கிடைக்கலை, அதனால அந்தக் கவலை மிச்சம்.

முதல்ல காபாபென்டின் போட்டுப் பாத்தோம். நரம்பு வலி மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்காது, ஆனா வெளியேறறது அது வழியாத்தான்கறதால சிறுநீரகம் சுணங்கினா மருந்து உடம்புலயே தங்கும். ஜமீன் மூணு நாள் தூங்கினான். எந்திரிச்சா டாஸ்மாக்ல இருந்து வர்றவன் மாதிரி நடந்தான். வாசப்படியில உருண்டான். அளவைக் குறைச்சும் கண்ணுல பழைய ஒளி இல்லை. அம்மா ஒரே வரியில சொன்னாங்க: "வலி போச்சுடா. பூனையும் போச்சு."

சில பூனைக்கு அது நல்லாக் கேக்குதாம். எங்க பூனைக்குக் கேக்கலை.

அப்புறம்தான் மெலாக்சிகம்னு முடிவெடுத்தேன். குறைஞ்ச அளவு. டாக்டரம்மா போட்ட நிபந்தனைகள்: சாப்பிட்ட பிறகுதான் மருந்து. சாப்பிடாத நாள், வாந்தி எடுத்த நாள், மருந்து கிடையாது. வீடு பூரா தண்ணிக் கிண்ணம். சாதத்துல மீன் வேக வச்ச தண்ணி (உப்பு, மசாலா இல்லாம). ரெண்டு வாரத்துல ஒரு ரத்தப் பரிசோதனை, அப்புறம் குறிப்பிட்ட இடைவெளியில மறுபடி மறுபடி. வேற எந்த வலி மருந்தும், ஸ்டீராய்டும் கூடவே கூடாது.

அஞ்சு வாரம் ஆச்சு. ஒரு மாத்தமும் தெரியலை. "இதுக்கா சிறுநீரகத்தைப் பணயம் வச்சோம்"னு தோணுச்சு. டாக்டரம்மா, "ஒரு வாரம் நிறுத்திப் பாருங்க"ன்னாங்க. நிறுத்தின நாலாவது நாள் ஜமீன் மண் தட்டுக்கு முன்னாடி நின்னு, தட்டைப் பாத்து, என்னைப் பாத்து, அப்படியே உக்காந்துட்டான். அப்பத்தான் உறைச்சுது, கடந்த மூணு வாரமா அவன் தட்டுக்குள்ளதான் போயிக்கிட்டு இருந்தான்! நல்லதை நான் கவனிக்கவே இல்லை, அது போனப்பதான் தெரிஞ்சுது.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. 2014ல அமெரிக்காவுல இதே மருந்தை வச்சு ஒரு சோதனை. மருந்து கொடுத்தவங்களும் சும்மா திரவம் கொடுத்தவங்களும் "எங்க பூனை தேறிடுச்சு"ன்னு ஒரே மாதிரி சொன்னாங்க. நிறுத்தினப்பதான் வித்தியாசம் வந்துச்சு. உண்மையான மருந்து குடிச்ச பூனைங்களோட நிலைமை மட்டும் சரிஞ்சதை வீட்டுக்காரங்க கவனிச்சுச் சொன்னாங்க. நம்ம ஆசையும் ஒரு மருந்து மாதிரி வேலை செய்யுது, நம்ம கண்ணுல. அதனாலதான் எண்ணெய், லேகியம், குளுக்கோசமைன் பொடின்னு எதைக் கொடுத்தாலும் "பரவாயில்லை போல"ன்னு தோணும். நிறுத்திப் பாக்காம எதையும் நம்பாதீங்க.

இப்ப என் கருத்து. இதுக்குத்தானே இவ்வளவு நீட்டி முழக்கினேன்.

நம்ம வீடுகள்ல வயசான பிராணிக்கு ரெண்டே வைத்தியம்தான். ஒண்ணு, "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்." இன்னொண்ணு, நம்ம மாத்திரையில பாதி. முதல்லது இரக்கம் இல்லாதவங்க செய்யறது, ரெண்டாவது இரக்கம் உள்ளவங்க செய்யறதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டுலயும் கணக்குப் பாக்கற வேலை இல்லை. அதனாலதான் ரெண்டும் நமக்குச் சுலபமா இருக்கு.

பக்கவிளைவு பயத்துல மருந்தே வேண்டாம்னு சொல்றவங்க நம்ம பதிவர் வட்டத்துலயே நிறைய. ராஜபாளையத்து நாய்க்காரங்கள்லயும் உண்டு. "கெமிக்கல் எதுக்கு சார்?"னு கேப்பாங்க. நியாயமான பயம்தான், கழுகுக் கதை தெரிஞ்ச யாருக்கும் வரணும். ஆனா தராசுல ஒரு தட்டை மட்டும் பாத்தா அது எடை போடறது ஆகாது. மருந்து கொடுக்காம விட்டா அதுக்கும் பக்கவிளைவு இருக்கு. நகராத பூனைக்குச் சதை கரையும், மூட்டு இன்னும் இறுகும். தண்ணிக் கிண்ணம் வரைக்கும் நடக்க மாட்டாம குறைச்சுக் குடிக்கும், அந்தச் சிறுநீரகம் அதனாலயும் கெடும். மருந்தால வர்ற கெடுதல் ரத்தப் பரிசோதனையில எண்ணா வந்துடுது. வலிக்கு அப்படி ஒரு எண் கிடையாது. எண் இருக்கற தட்டையே நாம பாத்துக்கிட்டு இருக்கோம்.

அதனால வலிக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். இதுக்குன்னே ஆறு கேள்வி வச்சிருக்காங்க ஆராய்ச்சியாளர்கள். மேலே தாவறதா, கீழே குதிக்கறதா, படி ஏறறதா, படி இறங்கறதா, ஓடறதா, அசையற பொருளைத் துரத்தறதா. இந்த ஆறையும் பழையபடி செய்யுதா? வாரத்துக்கு ஒருநாள் எழுதுங்க, மொபைல்ல வீடியோ எடுத்து வையுங்க. நாய், பூனை, யாரா இருந்தாலும் 7, 8 வயசுலயே ஒருதடவை எடுத்து வச்சுடுங்க. ஜமீன் பரணுக்குத் தாவற வீடியோ என்கிட்ட ஒண்ணே ஒண்ணு இருக்கு, 2016ல எடுத்தது. அதைப் பாத்துத்தான் எவ்வளவு போயிருக்குன்னு எனக்கே தெரிஞ்சுது.

காசு செலவில்லாததையும் செய்யுங்க. மண் தட்டோட ஒரு பக்க விளிம்பை அறுத்து விட்டேன். கட்டில் பக்கத்துல ரெண்டு செங்கல்லை அடுக்கி, கோணியைப் போட்டுப் படி கட்டினேன். வழவழ டைல்ஸ்ல பழைய பாய் விரிச்சேன். நகத்தை வெட்டினேன் (கிழட்டுப் பூனைக்கு நகம் தேயாம வளைஞ்சு பாதத்துக்குள்ளயே குத்தும், பாருங்க). மார்கழியில அட்டைப்பெட்டிக்குள்ள பழைய கம்பளி. இதுக்கெல்லாம் பக்கவிளைவு கிடையாது, அத்தையோட நக்கலைத் தவிர.

ஏழு மாசம் கழிச்சு, போன வாரம் பரிசோதனை. கிரியேட்டினின் 2.4.

ஏறியிருக்கு. மருந்தாலயா, வயசாலயா, எப்படியும் ஏறியிருக்குமான்னு யாராலயும் சொல்ல முடியாது. டாக்டரம்மா அளவை இன்னும் குறைச்சு, ஒண்ணு விட்டு ஒருநாள் கொடுக்கலாம்னாங்க. இல்லைன்னா நிறுத்திடலாம்னாங்க. மறுபடி, "யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். அம்மா முழங்காலைத் தடவிக்கிட்டே கேட்டாங்க.

"அதுக்கு ரத்தம் எடுத்துப் பாத்தியே. நானும் நாலு வருஷமா மூட்டு வலி மாத்திரையை மெடிக்கல்ல பேரு சொல்லி வாங்கித் திங்கறேனே. எனக்கு ஒருநாள் பாத்தியாடா?"

பதில் இல்லை. வெட்கப்பட்ட ரெண்டாவது இடம். மறுநாள் காலையில முதல் வேலையா அம்மாவை லேபுக்குக் கூட்டிட்டுப் போனேன். கிரியேட்டினின் நல்லபடியா இருந்துச்சு. ஆனாலும் டாக்டர் அந்த மாத்திரையை மாத்திட்டார். உங்க வீட்டுலயும் யாராவது இப்படிப் பேரு சொல்லி வாங்கித் திங்கறாங்களான்னு இன்னிக்கே கேளுங்க. கேக்காம விட்டா அவங்களா சொல்ல மாட்டாங்க. அந்த விஷயத்துல அவங்களும் பூனை மாதிரிதான்.

ஜமீனுக்கு மருந்தைத் தொடரறோம், ஒண்ணு விட்டு ஒருநாள். மூணு வருஷம் முனகிக்கிட்டு இருக்கறதை விட, ரெண்டு வருஷம் கட்டில்ல ஏறிக் காலை நீட்டிப் படுக்கறது மேல்னு நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து முடிவெடுத்தோம். இது தப்பான முடிவா இருக்கலாம். அடுத்த பரிசோதனையில எண் இன்னும் ஏறினா மாத்திக்குவோம். வேற ஒரு வீட்டுல, வேற ஒரு பூனைக்கு, இதுக்கு நேர்மாறான முடிவு சரியா இருக்கும். யோசிச்சு எடுத்திருந்தா அதுக்கும் என் ஓட்டு உண்டு.

பரணுக்கு அவன் இனிமே போகப் போறதில்லை. நேத்து அந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் தரையில வச்சோம். கொஞ்ச நேரம் சுத்திச் சுத்தி மோந்து பாத்தான். அப்புறம் முன்னங்காலை வச்சு, ஒரு நிமிஷம் யோசிச்சு, ஏறிப் படுத்துட்டான். குத்தகைப் பாக்கியைக் கேக்கற அதே பார்வை.

வரட்டா?

பி.கு: நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சுட்டு யாரும் மெடிக்கலுக்கு ஓடாதீங்க. பக்கத்துல பூனை பாக்கற டாக்டர் இல்லைன்னா நம்ம மாட்டாஸ்பத்திரிக்கே போங்க, எங்க பக்கத்துக்காரங்க திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். கூடையை மட்டும் நல்லா இறுக்கிக் கட்டுங்க. அனுபவம் பேசுது :-)